அறுந்தால் நிவாரணம், தேய்ந்தால்?

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்பச் சில நாள்களே அவகாசம் தரப்படுகிறது. அப்படியொரு நாளில் இரவு ஒன்பது மணிக்கு, மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சார், எங்க வீட்டுல பக்கமே திறக்க மாட்டேங்குது. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாக்கலாமா?" என்றார். பார்த்தோம். என் வீட்டிலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்லூரிகளின் பெயர்ப் பட்டியல் பாதி வந்து நின்றது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்கினால், உள்ளே பதிவானதா இல்லையா என்று அறிய அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கலந்தாய்வுத் தளத்தில்தான் நெரிசலோ என்று எண்ணிச் செய்தித் தளங்களைத் திறந்தேன். வங்கியின் தளத்தைத் திறந்தேன். எல்லாம் ஒரே கதிதான். வேகத்தைச் சோதிக்கும் தளம் ஒன்றில் அளந்தால், விநாடிக்கு 92 மெகாபிட் என்று பச்சை நிறத்தில் காட்டியது. நான் மாதந்தோறும் பணம் கட்டுவது 100 மெகாபிட் வேகத்துக்கு. எனவே கணக்குப்படி எனக்குக் குறையேதும் இல்லை. அந்த மாணவி மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு வந்து, பத்தே நிமிடத்தில் பட்டியலை முடித்துவிட்டுப் போனார். ஒரே கணினி, ஒரே இணைப்பு, ஒரே தளம். மாறியது நேரம் மட்டும்தான்.

நான் பொறியாளன் அல்லன். பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்தவன். ஆனால் விலை கொடுத்து வாங்கும் ஒரு சேவை, நாளின் சில மணி நேரங்களில் மட்டும் காணாமல் போகிறது, அதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை என்றால், அது பொறியியலோடு நின்றுவிடும் சிக்கல் அன்று. அதனால் ஒரு மாத காலம் இதன் பின்னே அலைந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் இணையத்துக்குப் பஞ்சம் கிடையாது. கடலடியில் வரும் பன்னாட்டுத் தகவல் வடங்கள் இந்தியாவில் கரையேறும் இரு பெரும் நகரங்கள் மும்பையும் சென்னையும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீள வடம் 2002-லேயே வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தமான் வடமும் சென்னையிலிருந்துதான் புறப்படுகிறது. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே, சிறுசேரி சிப்காட் வளாகத்தில், பெரும் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஆட்டங்கள் நேரலையாக உலகெங்கும் சென்றன. கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் தகவல், சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண, 'வேகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வரும் 100 மெகாபிட் என்பது உண்மையில் குழாயின் அகலம். ஒரு திரைப்படத்தை இறக்கும்போது அகலம் உதவும். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நடப்பது வேறு. முதலில் அந்தத் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும்படி டிஎன்எஸ் என்னும் முகவரி ஏட்டிடம் கேட்க வேண்டும். பிறகு அந்தக் கணினியோடு கைகுலுக்க வேண்டும். பிறகு மறைகுறிக்கான சாவிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே பக்கம் வரத் தொடங்கும். வந்த பக்கம், தனக்குரிய படங்களையும் எழுத்துருக்களையும் விளம்பரங்களையும் வேறு வேறு கணினிகளிலிருந்து கொண்டுவரச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் இதே போக்குவரத்து. இதில் முக்கியம், ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப 32 மில்லிவிநாடிக்குக் குறையாமல் ஆகும். அது இயற்கையின் வரம்பு. எவராலும் மாற்ற இயலாது. ஆனால் வழியில் ஏதேனும் ஒரு சந்தியில் நெரிசல் மிகுந்து ஒவ்வொரு நடைக்கும் 200 மில்லிவிநாடி கூடினால், ஒரு பக்கம் திறக்கத் தேவையான முப்பது நாற்பது நடைகளில் அது விநாடிகளாகப் பெருகிவிடும். குழாய் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை.

வேகச் சோதனை பச்சை காட்டியதன் காரணமும் இதுவே. அந்தச் சோதனை பெரும்பாலும் அருகிலுள்ள ஒரு கணினியோடு, சில வேளை நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே உள்ள ஒன்றோடு, பேசிப் பார்க்கிறது. ஊர் எல்லைக்குள் ஓட்டிப் பார்த்து வண்டிக்குச் சான்றிதழ் தருவது போல. நெரிசலோ அதற்கு அப்பால், நெடுஞ்சாலையில்.

வாடிக்கையாளர் மையத்தை அழைத்தேன். "உங்கள் ரவுட்டரில்தான் கோளாறு, அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். அணைத்துப் போட்டேன். மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு ஓர் இளைஞர் வந்தார். அந்நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சோதனைத் தளத்தைத் திறந்து பச்சை நிறத்தைப் படம் பிடித்துக்கொண்டு சென்றார். மாலையில், புகார் சரிசெய்யப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பழைய கதைதான். அந்த இளைஞரைக் குறைகூற மாட்டேன். நாளொன்றுக்குப் பத்து வீடு ஏறி இறங்குபவருக்கு, இரவில் மட்டும் வரும் நோயைப் பகலில் கண்டறியும் கருவியை எவரும் தரவில்லை.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். மையத்தில் சொன்னது முழுப் பொய்யும் அன்று. ரவுட்டரை நான் இரும்பு பீரோவின் பின்னே, தரையோடு வைத்திருந்தேன். அதைக் கூடத்தின் நடுவே உயரத்தில் மாட்டினேன். சுற்றியுள்ள எல்லா வீடுகளின் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். பழைய மடிக்கணினியின் உலாவியில் பேரன் சேர்த்துவைத்திருந்த தேவையற்ற துணைச் செயலிகளை நீக்கினேன். நிறுவனத்தின் முகவரி ஏட்டுக்குப் பதிலாகப் பொதுவில் கிடைக்கும் இலவச ஏட்டின் எண்ணை ரவுட்டரில் எழுதினேன். பாதி நோய் இதிலேயே தீர்ந்தது. மீதிப் பாதி அசையவில்லை.

மீதியைத் தேட வைஃபையை விட்டுவிட்டு, ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக லேன் கம்பி ஒன்றைச் செருகினேன். இந்த ஒரு செயல், வீட்டுக் கோளாறையும் வெளிக் கோளாறையும் பிரித்துக் காட்டிவிடும். பிறகு, தகவல் செல்லும் ஒவ்வொரு சந்தியையும் அங்கே போய்வர ஆகும் நேரத்தையும் வரிசையாகக் காட்டும் கட்டளை எல்லாக் கணினிகளிலும் உண்டு. அதைக் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இயக்கிக் குறித்துவைத்தேன். முதல் சந்தி என் ரவுட்டர். எந்நேரமும் ஒரு மில்லிவிநாடி. இரண்டாவது, தெருமுனைக்கு அப்பால் உள்ள நிறுவனத்தின் முனையம். அதுவும் காலையிலும் இரவிலும் அதிகம் மாறவில்லை. மூன்றாவது சந்தியில் காலையில் 8 மில்லிவிநாடி. இரவில் 180, சில நாள் 240. அதற்கடுத்த எல்லாச் சந்திகளிலும் அந்தச் சுமை அப்படியே தொடர்ந்தது. முப்பது நாள் குறிப்பில் இருபத்தாறு நாள் இதே வடிவம். நெரிசல் என் வீட்டில் இல்லை, என் தெருவில்கூட இல்லை. நிறுவனத்தின் உள்ளூர் முனையத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் பாதையில்தான் இருந்தது.

இதைக் கண்டு நான் ஏமாற்று என்று கூவவில்லை. பகிர்ந்துகொள்வதுதான் வீட்டு இணையத்தின் அடிப்படை. அதனால்தான் அது மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெருவுக்கு வரும் கண்ணாடி இழை ஒன்று சாதாரணமாக விநாடிக்கு 2.5 கிகாபிட் சுமக்கும். அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடும் ஒரே கணத்தில் முழு வேகம் கேட்டால் தலைக்கு 39 மெகாபிட்தான் வரும். ஆனால் எல்லாரும் ஒரே கணத்தில் கேட்பதில்லை. வங்கியும் இப்படித்தான் நடக்கிறது. போட்டவர் அனைவரும் ஒரே நாளில் பணம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். வேறுபாடு என்னவென்றால், வங்கி கையில் எவ்வளவு இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதிக்கிறது, கண்காணிக்கிறது, தவறினால் அபராதம் விதிக்கிறது. இணையத்துக்கு அந்த இருப்பு விகிதத்தை விதிப்பவர் யார்?

விதி இல்லாமல் இல்லை. ஒரு வீட்டு இணைப்பின் வழியை ஐம்பது பேருக்கு மேல் பகிரக் கூடாது என்று 2009-லேயே இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வழிகாட்டியது. அதற்கும் முன், 2006 அக்டோபரில் வந்த தர விதிமுறையிலேயே, நெரிசல் நேரத்தில் வழித்தடத்தின் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். போய்வரும் நேரத்துக்கும் வரம்பு வைத்தார்கள்: நிறுவனத்தின் முனையத்திலிருந்து பன்னாட்டு நுழைவாயில் வரை 120 மில்லிவிநாடிக்குள். 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறை இவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துத் தந்திருக்கிறது.

விதி இருந்தும் எனக்கு ஏன் பயன்படவில்லை? இரண்டு ஓட்டைகள். முதலாவது, அளக்கும் பரப்பு. அறிக்கை சேவைப் பகுதி வாரியாகத் தரப்படுகிறது. சென்னையும் புதுச்சேரியும் உட்பட முழுத் தமிழகமும் ஒரே சேவைப் பகுதி. அண்ணா நகரின் நல்ல வேகமும் மாமல்லபுரத்தின் மோசமான வேகமும் கூடிப் பிரிக்கப்பட்டுச் சராசரியாக வெளிவரும்போது நோய் மறைந்துவிடும். புள்ளியியல் வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் எச்சரிக்கை இது.

இரண்டாவது ஓட்டைதான் பெரிது. இணைப்பு அடியோடு அறுந்துபோனால் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கம்பிவழி இணைப்பின் பழுது மூன்று நாளுக்கு மேல் சரிசெய்யப்படாவிட்டால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்கிறது புதிய விதிமுறை. வரவேற்க வேண்டியது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, மரக்கிளைகளோடு வடங்களும் தெருவில் கிடந்தன. அது எல்லார் கண்ணிலும் பட்டது, ஆட்கள் ஏணியோடு வந்தார்கள், கட்டினார்கள். ஆனால் இணைப்பு உயிரோடு இருந்துகொண்டு, நாள்தோறும் இரவு எட்டு முதல் பதினொரு மணி வரை தேய்ந்துபோனால் அதற்குக் கழிவும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. அறுந்தது பழுது; தேய்ந்தது வாடிக்கையாளரின் ரவுட்டர். நிறுவனத்தின் நலன் எதில் இருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா? முனையத்திலிருந்து சென்னை வரை கூடுதல் கொள்ளளவு வாங்கினால் செலவு, வாங்காவிட்டால் தண்டனையில்லை.

1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர், பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். பின்னாளில் அதற்காகவே நோபல் பரிசில் பங்கு பெற்றார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், சந்தையில் நல்ல சரக்கு மெல்ல மறைந்து மட்டமான சரக்கே மிஞ்சும் என்பது அவர் காட்டியது. வீட்டு இணையம் அதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனம் நெரிசலே இல்லாத வழித்தடத்தைச் செலவு செய்து அமைத்தாலும், விளம்பரத்தில் அதுவும் '100 மெகாபிட் வரை', மற்றதும் '100 மெகாபிட் வரை'. அந்த 'வரை' என்ற சொல் இருவருக்கும் பொது. பிறகு செலவு செய்தவர் ஏன் செலவு செய்ய வேண்டும்?

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்பார்கள். அண்ணா சாலையில் மாறலாம். எங்கள் தெருவுக்கு வரும் கம்பி ஒருவருடையது. நாட்டில் 2024 முடிவில் இருந்த ஏறத்தாழ 94 கோடி அகலப்பட்டை இணைப்புகளில் கம்பிவழி வருபவை சுமார் 4 கோடிதான். அவையும் நகரங்களிலேயே குவிந்துள்ளன. கரையோர ஊர்களில் போட்டி என்பது பெரும்பாலும் கைப்பேசியின் அலைக்கும் கம்பிக்கும் இடையில்தான். இரவு ஒன்பது மணிக்கு அந்த அலையும் அதே நெரிசலில் இருக்கும்.

நீதிமன்றம் போகலாமா? நீண்ட காலம் அந்தக் கதவு மூடியே கிடந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் நடுவர் தீர்வு இருப்பதால் தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றம் விசாரிக்க இயலாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 பிப்ரவரியில், அஜய் குமார் அகர்வால் வழக்கில், அந்த மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே போனால் முதலில் கேட்கப்படுவது சான்று. என் கையெழுத்துக் குறிப்பேட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எத்தனை நொடியில் கிழித்தெறிவார் என்று எனக்குத் தெரியும். தனி மனிதரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதும் இல்லை.

ஆகவே சிக்கலின் முடிச்சு சான்றில் இருக்கிறது. இதை ஜெர்மனி அவிழ்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஒப்பந்த வேகம் கிடைக்காதவர் கட்டணத்தைக் குறைத்துக் கட்டலாம், அல்லது ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். சான்றுக்கு ஒழுங்குமுறை அமைப்பே அளவீட்டு மென்பொருளைத் தருகிறது. வெவ்வேறு மூன்று நாள்களில் மொத்தம் 30 முறை அளந்தால் அதுவே ஆவணம். பிரிட்டனில் 2018 மே முதல், இரவு எட்டு முதல் பத்து மணி வரையிலான நெரிசல் நேரத்தில் பாதி வாடிக்கையாளருக்கேனும் கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போடலாம். அதற்கு முன் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதுமானதாக இருந்தது. விதி வந்ததும் விளம்பர எண்கள் இறங்கின. 2019 மார்ச் முதல் அங்கே, உறுதியளித்த குறைந்த வேகம் கிடைக்காமல், 30 நாளில் அது சரிசெய்யப்படவும் இல்லையென்றால், நடைமுறைக் குறியீட்டில் கையெழுத்திட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர் அபராதமின்றி வெளியேறலாம்.

நம்மால் இயலாதது இதில் எதுவும் இல்லை. கைப்பேசித் தரவின் வேகத்தை அளக்க டிராய் 2016-லேயே 'மைஸ்பீட்' செயலியை வெளியிட்டது. அதே எண்ணத்தை வீட்டுக் கம்பி இணைப்புக்கு நீட்டி, அகலத்தோடு தாமதத்தையும் அளந்து, நேரத்தோடு பதிந்து, அதற்குச் சட்டப்படி ஆவண மதிப்புத் தந்தால் போதும். நிறுவனங்கள் தத்தம் முனையங்களின் நெரிசலை நொடிக்கு நொடி திரையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன; எந்த முனையம் எந்நேரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டியது என்பதை வட்டம் வாரியாக மாதந்தோறும் வெளியிடச் சொல்வது அவர்களுக்குப் புதுச் சுமை ஆகாது.

எல்லாத் தாமதமும் நிறுவனத்தின் குற்றமன்று என்பதும் அப்போதுதான் தெரியவரும். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே வடங்கள் பழுதானபோது இந்தியாவிலும் இணையம் தளர்ந்தது. 2008 ஜனவரியில் எகிப்துக் கரையோரம் வடங்கள் அறுந்தபோதும் அப்படியே. அதற்கெல்லாம் உள்ளூர் நிறுவனத்தைத் தண்டிப்பது அநியாயம். ஆனால் செங்கடல் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு மட்டும் அறுந்து பதினொரு மணிக்கு ஒட்டிக்கொள்வதில்லை.

அகலப்பட்டை என்பதன் அதிகாரபூர்வ வரையறை 2013-ல் விநாடிக்கு 512 கிலோபிட். 2023 ஜனவரியில் அது 2 மெகாபிட் ஆனது. குடிமக்கள் அனைவருக்கும் 50 மெகாபிட் என்பது 2022-க்கென்று 2018-ஆம் ஆண்டுக் கொள்கை வைத்த இலக்கு. எண்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. அந்த எண் எந்த நேரத்துக்கு உரியது என்பதை எந்த ஆவணத்திலும் நான் காணவில்லை. பட்டா, வருமான வரி, ஓய்வூதியருக்கான உயிர்வாழ்ச் சான்று என எல்லாவற்றையும் அரசு இணையத்துக்கு மாற்றிவிட்டது. வேலைக்குப் போய்த் திரும்பும் எளியவர்கள் அதைத் திறப்பது, இரவு உணவுக்குப் பின்தான். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவன் என்னைப் போன்ற ஓய்வூதியன்.

என் மூன்றாவது புகாரும் 'சரிசெய்யப்பட்டது' என்று முடித்துவைக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு, முப்பது நாள் குறிப்பேட்டின் நகலோடு எழுதியிருக்கிறேன். 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுச் சிற்பியும் தம் பெயரில் ஒரு மனு தந்திருக்கிறார். அவருடைய மகள் இப்போது, லேன் கம்பியைச் செருகி, அவர்கள் வீட்டு இணைப்புக்கும் இரவு ஒன்பது மணிக் கணக்கைக் குறித்துவருகிறார்.